மின்னறையில் ஒரு கோடை

இரண்டாமாண்டு, இளமறிவியல் (இயற்பியல்)

வகுப்பில் மின்விசிறி நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? எல்லாரும் ஒருசேர மேலே பார்க்கிறோம். "கரண்ட் போச்சு" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கண்டுபிடித்துச் சொல்கிறான். பேராசிரியர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு பாடத்தைத் தொடர்கிறார். பத்து நிமிடத்தில் விசிறி மீண்டும் சுழல்கிறது. நாமும் மறந்துவிடுகிறோம். அந்தப் பத்து நிமிடமும் எங்கோ ஓர் அறையில் ஒரு மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. எனக்குக் கேட்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. அந்த மனிதர் என் அப்பா.

நம் கல்லூரியில் அல்ல. சேலத்திற்கு அப்பால் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அவர் தலைமை எலெக்ட்ரீசியன். அங்கே எல்லாரும் "போர்மேன்" என்றுதான் அழைப்பார்கள். அவருக்குக் கீழே மூன்று பேர். ஐந்து கட்டடங்கள், இரண்டு விடுதிகள், ஒரு சமையற்கூடம், நான்கு ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள், எண்ணி முடியாத விசிறிகள், இவையெல்லாம் அந்த நால்வரின் பொறுப்பு. அந்தக் கல்லூரிக்குள் எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் வேலைக்குப் போகலாம், படிக்கப் போக முடியாது என்று நான் ஒரு காலத்தில் மனம் கசந்ததுண்டு. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

2025ஆம் ஆண்டு மே மாதம், முதலாண்டுத் தேர்வுகள் முடிந்து வீட்டில் சும்மா இருந்த என்னை, "வா, தினக்கூலி போட்டுத் தரச் சொல்றேன்" என்று அப்பா கூடவே அழைத்துப் போனார். இயற்பியல் மாணவன் என்ற மிதப்புடன்தான் போனேன். ஓம் விதி தெரியும், கிர்ச்சாப் விதிகள் தெரியும், வீட்ஸ்டன் சமனச் சுற்றை வரைந்து விளக்கிப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கியவன். எட்டாம் வகுப்பு வரை படித்த அப்பாவுக்கு உதவி செய்யப் போகிறேன் என்ற நினைப்பு.

காலை ஆறு மணிக்கு அப்பாவின் நாள் தொடங்கும். முதலில் டிரான்ஸ்பார்மர். மின்வாரியத்திலிருந்து 11,000 வோல்ட்டில் வரும் மின்சாரத்தை 433 வோல்ட்டாக இறக்கித் தரும் 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் அது. அப்பா கம்பிவேலிக்கு வெளியே நின்று முதலில் காதைக் கொடுப்பார். அந்த ரீங்காரம் நேற்றுப்போலவே இருக்கிறதா என்று கேட்பார். மாறுதிசை மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் இரும்பு உள்ளகம் இருமுறை இழுபட்டுத் தளர்கிறது. ஆகவே ரீங்காரத்தின் அதிர்வெண் 100 என்று நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரி கண்ணு, இன்னைக்கு நல்லா இருக்குதா, இல்லையா?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

டிரான்ஸ்பார்மரின் பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடிக் குடுவை தொங்கும். சூடேறி ஆறும்போது எண்ணெய் விரிந்து சுருங்கும் அல்லவா, அப்போது உள்ளே போய் வரும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளச் சிலிக்கா ஜெல் மணிகளை அதில் நிரப்பியிருப்பார்கள். ஈரமில்லாத போது நீலம், ஈரம் ஏற ஏற இளஞ்சிவப்பு. கோபால்ட் குளோரைடின் வேலை என்பது வேதியியல் நண்பர்களுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்தது, எத்தனை மணிகள் சிவந்தால் மாற்றவேண்டும் என்பது.

அடுத்தது பேனல் ரூம். மூன்று பேஸ்களிலும் வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். ஒரு பேஸில் மட்டும் சுமை ஏறியிருந்தால், எந்தக் கட்டடத்தில் யார் புதிதாகக் குளிர்சாதனம் மாட்டினார்கள் என்பதை அப்பா அங்கே நின்றபடியே சொல்லிவிடுவார். பிறகு மோட்டார்கள். பிறகு எர்த் குழிகள். ஒரு குழாயை ஆழப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு நிரப்பி, வாயில் ஒரு புனல் வைத்திருப்பார்கள். கோடையில் மண் காய்ந்தால் அதன் மின்தடை ஏறிவிடும். ஆகவே நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றவேண்டும். செடிக்கு ஊற்றுவதுபோல் ஒவ்வொரு குழிக்கும் ஒரு குடம். இதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. கிர்ச்சாப் படித்தவனுக்குக் குடம்!

ஒன்பது மணிக்கு மேல் புகார்ப் புத்தகம். ஒரு பேராசிரியர், 'மின்விசிறியின் சுழற்சி திருப்திகரமாக இல்லை' என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நான் படித்துப் பொருள் சொன்னேன். அப்பா, "சுத்துதா, சுத்தலையா?" என்று கேட்டார். போய்ப் பார்த்து, 2.5 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை மாற்றியதும் சுழற்சி திருப்திகரமாயிற்று. விடுதிப் புகார்கள் வேறு வகை. ஒரே பிளக்கில் இஸ்திரிப் பெட்டியையும் கெட்டிலையும் மாட்டிவிட்டு, "சுவிட்சு சரியில்லை" என்று எழுதுவார்கள்.

அப்பாவிடம் இருப்பது மின்கம்பியாள் உதவியாளர் சான்றிதழ். அதற்குப் பள்ளிப் படிப்பு தேவையில்லை, தொழில் அனுபவம் போதும். பெரிய வேலைகளுக்கான பதிவேட்டில் கையெழுத்திட டிப்ளமோ படித்த மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர். கையெழுத்திடுமுன் அப்பாவின் முகத்தைப் பார்ப்பார்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அப்பாவுக்கு மைக்கேல் பாரடேயைப் பற்றிச் சொன்னேன். கொல்லரின் மகன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர், 1813இல் ஹம்ப்ரி டேவியிடம் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தார், 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார், இந்த டிரான்ஸ்பார்மரே அதனால்தான் ஓடுகிறது என்றேன். அப்பா மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "அவரு வூட்ல கரண்ட் இருந்துச்சா?" என்று கேட்டார். "இல்லீங்கப்பா, அப்ப யார் வூட்லயும் இல்ல" என்றேன். வெகு நேரம் சிரித்தார்.

இனி, நான் சொல்லவந்த செய்தி.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய கட்டடத்தில் இன்னும் பீங்கான் பியூஸ் கேரியர்கள் இருக்கின்றன. எந்த லைனில் கை வைப்பதானாலும், அதன் பியூஸ் கேரியரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போவார். அது அவர் பையில் இருக்கும்வரை உலகத்தில் யாராலும் அந்த லைனுக்கு மின்சாரம் கொடுக்க முடியாது. சட்டைப் பை எப்போதும் கனத்துத் தொங்கும். துவைக்கும்போது அம்மா திட்டுவாள். புதிய கட்டடங்களில் எல்லாம் பிரேக்கர்கள் வந்துவிட்டன. ஒரு கைப்பிடி, மேலே தள்ளினால் மின்சாரம், கீழே தள்ளினால் இல்லை. வசதிதான். ஆனால் பையில் போட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. அதனால் பிரேக்கர் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திவிட்டுப் போவார். "நானா நேர்ல வந்து சொன்னாத்தான் போடணும். வேற யார் சொன்னாலும், பிரின்சிபாலே சொன்னாலும், போன்ல நானே சொன்னாலும் போடக்கூடாது." இதை அவர் ஒவ்வொரு முறையும், ஒரு சொல் மாறாமல், மந்திரம்போல் சொல்வார்.

மே மாதம் மூன்றாம் வாரம். நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு போர்டில் போல்ட்டு தளர்ந்து, மின்கடத்திப் பட்டை கருகிப்போயிருந்தது. அதை மாற்றவேண்டும். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை அந்தக் கட்டடத்திற்கு மின்சாரம் இராது என்று முன்னாளே அறிவித்தார்கள். பேனல் ரூமில் அப்பா பிரேக்கரை இறக்கினார். என்னை அங்கே நிறுத்தி மந்திரத்தைச் சொன்னார். ஆத்தூர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். நான் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் சேர்க்கை அலுவலகம். பிளஸ் டூ முடிவு வந்திருந்த சமயம். மதிப்பெண் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்தபடி ஊர் ஊராய் வந்த ஜனம் நிற்கிறது. விசிறி இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. பன்னிரண்டரை மணிக்கு அலுவலக உதவியாளர் ஒருவர் பேனல் ரூமுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, கைக்குழந்தை வெச்சுக்கிட்டெல்லாம் நிக்கறாங்க. வேல முடிஞ்சிருச்சுன்னு மேல சொல்றாங்களே, போட்டுவுடு."

"அப்பா வந்து சொல்லணுங்கண்ணா."

"உங்கப்பாவுக்கு ஒரு போன் போடேன்."

அந்த நேரத்தில் அப்பாவே என்னை அழைத்தார். பேனல் ரூம் முழுக்க இரும்புத் தகடுகள். சிக்னல் எப்போதும் ஒரு கோடுதான். அப்பாவின் குரல் துண்டு துண்டாக வந்தது. "கண்ணு... ஆபீஸ் ஆளு... வந்தா... போட்டுரா..." அவ்வளவுதான். தொடர்பு அறுந்தது.

நண்பர்களே, நம் தமிழில் 'போட்டுரு' என்பதற்கும் 'போட்டுராதே' என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று அன்றுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அப்பா சொன்னது 'போட்டுராதே'. எனக்குக் கேட்டது 'போட்டுரு'. திரும்ப அழைத்தேன், கிடைக்கவில்லை. "அதான் சொல்லிட்டாரில்ல?" என்றார் அந்த அண்ணன். போனில் அப்பாவே சொன்னாலும் போடக்கூடாது என்ற மந்திரம் என் நினைவில் இருந்தது. இருந்தும், வியர்த்துக்கொண்டு நிற்கும் ஜனத்தின் மேல் எனக்கு இரக்கம் வந்தது என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அந்த அண்ணனின் அவசரம் என்னையும் தொற்றிக்கொண்டது, அவ்வளவுதான். கைப்பிடியை மேலே தள்ளினேன்.

பேனலுக்குள் யாரோ சம்மட்டியால் அடித்ததுபோல் ஓர் ஓசை. கைப்பிடி தானாகவே பாதிக்கு வந்து நின்றது. டிரிப்! அறையின் விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. அடுத்த கணம் நிர்வாகக் கட்டடத்திலிருந்து ஒரு பெரும் சத்தம் கேட்டது. அல்லது கேட்டதாக நினைத்தேன்.

பேனல் ரூமிலிருந்து அந்தக் கட்டடத்திற்கு இருநூறு மீட்டர். நான் எப்படி ஓடினேன் என்பது நினைவில்லை. ஒரு செருப்பு வழியில் கழன்றது. படியேறும்போது அம்மாவின் முகம் கண்முன் நின்றது. இரண்டாம் மாடியில் புகை நாற்றம். அப்பா சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. இடது மணிக்கட்டில் ஓர் அங்குல அகலத்திற்குத் தோல் வெந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "மறுபடி போட்டியா?"

"இல்லீங்கப்பா."

"யாராச்சும் அங்க நிக்கறாங்களா?"

அந்த உதவியாளரை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்திருந்தேன். அப்பா ஆத்தூர் அண்ணனைப் பார்த்தார். அவர் கீழே பாய்ந்து ஓடினார். டிரிப் ஆன பிரேக்கரை, ஏன் என்று பாராமல், மறுபடியும் தள்ளிப் பார்ப்பது எல்லாருக்கும் உள்ள வழக்கம் என்று அப்பா பின்னர் சொன்னார். நல்ல வேளையாக அந்த அண்ணன் சத்தத்திற்குப் பயந்து அறையை விட்டே வெளியே வந்து நின்றிருக்கிறார்.

அப்பா எப்படிப் பிழைத்தார்? போர்டில் கை வைக்குமுன் அவர் செய்திருந்த ஒரு காரியத்தால். முதலில் இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்த சோதனை விளக்கால் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்திருக்கிறார். (ஒரு பல்பு போதாதா என்று நான் முன்பே கேட்டிருக்கிறேன். இரண்டு பேஸ்களுக்கு நடுவே 400 வோல்ட்டுக்கு மேல். 230 வோல்ட் பல்பு ஒன்று மட்டும் இருந்தால் வெடித்துவிடும். "ரெண்டு இருந்தா பங்கு போட்டுக்கும்" என்பது அப்பாவின் விளக்கம். நம் புத்தகத்தில் இதே செய்தி ஒன்றரைப் பக்கம்.) பிறகு, கேபிள் வந்து சேரும் முனையிலேயே மூன்று பேஸ்களையும் நியூட்ரலையும் ஒரு தடித்த செம்புக் கம்பியால் சேர்த்துக் கட்டி, எர்த்தோடு பிணைத்துவிட்டார். அதற்கு அப்பால்தான் அவர் கை இருந்தது. நான் அனுப்பிய மின்சாரம் அவரைத் தேடிப் போகவில்லை; செம்புக் கம்பி வழியே குறுக்கில் பாய்ந்தது. பல ஆயிரம் ஆம்பியர் பாய்ந்தால் பிரேக்கர் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் டிரிப் ஆகிவிடும். அந்தக் கம்பியிலிருந்து தெறித்த பொறிதான் மணிக்கட்டைச் சுட்டது.

ஆத்தூர் அண்ணன் திரும்பி வந்து என்னைத் திட்டிய வார்த்தைகளை ஆண்டுமலரில் அச்சிட முடியாது. அப்பா குறுக்கிட்டார்: "அவனைத் திட்டாத. போன் பண்ணினது நானு."

மருந்திட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு, செம்புக் கம்பியை மாற்றிக் கட்டி, மிச்ச வேலையை முடித்தார். கீழே ஜனம் காத்துக்கொண்டேதான் இருந்தது. இரண்டு மணிக்கு, கம்பியை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, என்னையும் நடத்திப் பேனல் ரூமுக்கு வந்தார். தாமே போட்டுவிடுவார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவர் கம்பியை என் கண்முன் காட்டினார். "அவுத்தாச்சு. இதோ. இப்ப நீ போடு" என்றார். என் கை நடுங்கியது. அவர் அவசரப்படுத்தவில்லை. போட்டேன்.

மாலையில் டி.வி.எஸ். வண்டியின் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போகும்போது கேட்டேன்.

"என்னைத்தான் அங்க நிறுத்தினீங்களே, அப்புறம் எதுக்குங்கப்பா கம்பி கட்டினீங்க? நம்பலீங்களா?"

"நம்பாமயா நிறுத்தினேன்?"

வெகு தூரம் அவர் பேசவில்லை. பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார். அவருக்குப் பத்தொன்பது வயதில், தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரியுடன் ஓர் அரிசி ஆலையில் வேலை. பியூஸ் கேரியர் மேஸ்திரியின் பையில் பத்திரமாக இருந்தது. நெல் அவியல் கெட்டுவிடும் என்று ஆலையாள் ஒருவர், கேரியர் இல்லாத அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பியைச் சொருகிவிட்டார். கெட்டவரல்ல, அவருக்கு அவர் அவசரம். மேஸ்திரியைக் கீழே இறக்கியவர் அப்பா. "கேரியர் அவரு பையிலயேதான் இருந்துச்சு. நாந்தான் எடுத்தேன்" என்றார். அன்று முதல்தான் கம்பி.

இரவு நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஈரமான உடம்பின் மின்தடை ஏறக்குறைய 1000 ஓம். 230 வோல்ட்டுக்கு 0.23 ஆம்பியர். உயிர்காக்கும் பிரேக்கர்கள் 0.03 ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும்படி அமைக்கப்படுகின்றன. அதற்கு மேல் உடம்பு தாங்காது. நம் ஆய்வகத்தில் 0.23 ஆம்பியர் என்றால் அம்மீட்டர் முள் இலேசாக நகரும். "இன்னும் கொஞ்சம் கூட்டு" என்று ரியோஸ்டாட்டைத் தள்ளுவோம். அந்த முள்ளை இப்போது நான் பார்க்கும் பார்வை வேறு. செய்முறை வகுப்பில் சுற்றைச் சரிபார்க்காமல் சாவியை அழுத்தும் நண்பனின் கையைப் பிடித்து நிறுத்துகிறேன். "இரண்டு வோல்ட்டுக்கு என்னடா பயம்?" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கடைவீதிக்கு அழைத்துப் போனார். பிரேக்கர் கைப்பிடியை இறக்கிப் பூட்டுவதற்கென்று பேனலில் ஒரு துளை ஆரம்பத்திலிருந்தே இருந்ததாம்; யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. அந்தத் துளையின் அளவைத் தீக்குச்சியால் எடுத்து வந்திருந்தார். அதற்கேற்ற சின்னப் பூட்டு ஒன்றைத் தேடி வாங்கினார். இரண்டு சாவிகள் வந்தன. ஒன்றை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். மற்றொன்று எனக்கு வரும் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் காலை நான் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அருகில் வந்து, அதைப் புனல் வழியே குழாய்க்குள் போட்டுவிட்டார்.

"உங்ககிட்ட இருக்கிறது தொலஞ்சா என்னங்கப்பா பண்றது?" என்று கேட்டேன்.

"பூட்டை ஒடச்சுக்கலாம். ஊத்து" என்றார்.